ஏழடி வழி

மெஷின்காரனோடு ஓடிப்போனாளாம். சொல்கிற வாய்க்குக் கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா? அறுவடை மெஷின் ஊரை விட்டுப் போனது தை இருபத்திரண்டில். செவ்வந்தி வாசற்படி இறங்கியது பங்குனி பிறந்து நாலாம் நாள். நடுவில் மாசி மாதம் முழுசாகக் கிடக்கிறது. மெஷின் ஓட்டிய இளஞ்செழியன் ஆத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை. அவன் இப்போது எந்த ஊர் வயலில் நிற்கிறானோ, அவனைத் தேடிக்கொண்டா ஐம்பத்துமூன்று வயசுக்காரி முட்டிவலித் தைலத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஓடுவாள்? அவனுக்கு அவளுடைய மகளின் வயசுதான் இருக்கும்.

இதைக் குழாயடியில் நின்று முதலில் சொன்னவள் கமலாம்பாள். சொல்லட்டும். ஆனால் அவள் வீட்டுக்குள் இன்றைக்கு அடுக்கியிருக்கிற நெல்மூட்டை எந்த வழியாக வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். செவ்வந்தி போட்ட வழியில் வந்த நெல் அது. அந்தச் சோற்றைத் தின்றுவிட்டு அவளையே பேசுகிறது என்றால், அந்த வாயை என்ன சொல்வது?

அதற்காகச் செவ்வந்தி தப்பே செய்யாதவள் என்று யாரும் சத்தியம் பண்ணவில்லை. செய்தாள். ஒன்றுக்கு இரண்டு தப்பு செய்தாள். அவை என்ன தப்பு என்று தெரிந்துகொண்டு பிறகு பேசுங்கள்.

ஊர் தெரியாதவர்களுக்கு இடத்தைச் சொல்லியாக வேண்டும். நன்னிலத்திலிருந்து வரும் தார்ச்சாலை ஓரத்தில் செவ்வந்தியின் புருஷன் இராஜாங்கத்துக்கு ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர். அதற்குப் பின்னால் மீரா உசேன் வயல். அதற்கும் பின்னால் கமலாம்பாள் வயல். அப்படியே ஒன்றன் முதுகில் ஒன்றாக, இராஜாங்கத்தையும் சேர்த்துப் பதினோரு குடும்பத்து வயல்கள். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வடிகால், கடைசியில் மூங்கில் கொல்லை. மெஷின் உள்ளே போக வேறு வழி கிடையாது. முன்வயலை அறுத்தால்தான் பின்வயலுக்குப் போகலாம். அதனால் எல்லாரும் ஒரே வயசு நெல்லைத்தான் போடுவது என்று பேச்சு. யார் எழுதி வைத்தது? யாரும் எழுதவில்லை. பேச்சுதான்.

மெஷின் வந்த முதல் வருஷம் யாருக்கு முதலில் என்று இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். மெஷின்காரன் கொஞ்ச நேரம் பார்த்தான், வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். பாதி நெல் வயலிலேயே கொட்டிப்போனது. மறுவருஷம் செவ்வந்தி தானாகவே ஒவ்வொரு வயலாக இறங்கி, ஒரு கதிரை உருவி, நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தாள். “இது நாளைக்கு ஆகும். அது நாளான்னைக்கு. ஒங்களுது இன்னும் பாலா இருக்கு, பொறுங்க” என்றாள். தன் வயல் முன்வயல் ஆயிற்றே, அது இரண்டு நாள் முன்னதாக அறுபட்டு எடை குறைந்தாலும் வாய் திறக்க மாட்டாள். அதனால்தான் ஊர் அவளை நம்பியது. பதினாலு வருஷம் அவள் பல் சொன்னதுதான் வரிசை. ஆம்பிளைகள் கத்திக்கொண்டிருப்பார்கள், அவள் நெல்லை மென்றுகொண்டே வருவாள், கத்தல் அடங்கிவிடும்.

இராஜாங்கம் லேசுப்பட்ட ஆள் இல்லை. அவருடைய அப்பா அந்த ஆறு மாவிலேயே பண்ணையாளாக இருந்தவர். அந்தக் காலத்தில் நிலத்துக்காரர் வீட்டு ஆள் வரப்பில் எதிரே வந்தால், அவர் சேற்றில் இறங்கி நின்று வழிவிட வேண்டும். தலையில் நாற்றுக்கட்டு இருந்தாலும் இறங்க வேண்டும். இராஜாங்கம் சின்ன வயசில் அதைக் கண்ணால் பார்த்தவர். குவைத்தில் எட்டு வருஷம் வெயிலில் நின்று, ஊருக்குத் திரும்பி, அதே நிலத்தை விலைக்கு வாங்கினார். குவைத்துக்கு விசா எடுத்துக் கொடுத்தது யார்? மீரா உசேன்தான். ஒரே அறையில் அடுக்குக் கட்டிலில் மேலும் கீழுமாகப் படுத்தவர்கள். பெருநாளைக்கு அந்த வீட்டு நெய்ச்சோறு இந்த வீட்டுக்கு வரும், பொங்கலுக்கு இந்த வீட்டுக் கரும்பு அந்த வீட்டுக்குப் போகும். முப்பது வருஷப் பழக்கம்.

போன புரட்டாசியில், விதைக்கிற சமயத்தில், டீக்கடையில் எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது இராஜாங்கம் சொன்னார்: “இந்த வருஷம் நான் மாப்பிள்ளைச் சம்பா போடுறேன்.”

மாப்பிள்ளைச் சம்பா ஆள் உயரம் வளர்கிற பழைய நெல். சிவப்பு அரிசி. மற்றவர்கள் நெல்லைவிட இருபத்தைந்து நாள் கூடுதலாக நிற்கும். ஏன் அதைப் போட ஆசைப்பட்டார் என்று கடையில் அவர் சொல்லவில்லை. வீட்டில் செவ்வந்தியிடம்தான் சொன்னார். அப்பா காலமெல்லாம் அந்த நெல்லை அந்த வயலில் நட்டார், களையெடுத்தார், அறுத்தார். ஒரு வேளைகூட அதில் சோறு தின்றதில்லை. சாகும்போது அதைச் சொல்லிக்கொண்டே செத்தார். “அவரு நட்ட எடத்துலயே நட்டு, அவரு தெவசத்துக்கு அந்தச் சோறு வைக்கணும் புள்ள.” இதுதான் சங்கதி. இதைக் கடையில் சொல்லியிருந்தால் யார் மறுத்திருப்பார்கள்? ஆனால் அதெல்லாம் கடையில் சொல்கிற விஷயமா?

மீரா உசேன் வாய் சும்மா இருக்காது. கிண்டல் பண்ணாமல் அவருக்கு டீ இறங்காது.

“என்னப்பா இராஜாங்கம்! ஒங்கப்பா வரப்பை விட்டு எறங்கி நின்னு எல்லாருக்கும் வழி விட்டாரு. நீ நெல்ல நிறுத்தி எல்லாருக்கும் வழிய மறிக்கிற. பலே ஆளுதான் போ!”

கடை முழுக்கச் சிரித்தது. மீரா உசேனும் சிரித்தார். நண்பன் ஜெயித்துவிட்டான் என்ற சந்தோஷத்தில்தான் அப்படிச் சொன்னேன் என்று பின்னால் அவர் அழாத குறையாகச் சொன்னார். பொய்யில்லை. ஆனால் சிரித்தவர்களில் இரண்டு பேர், இராஜாங்கத்தின் அப்பாவை வரப்பிலிருந்து இறக்கிவிட்ட வீட்டுப் பேரப்பிள்ளைகள். இராஜாங்கம் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். அன்றோடு கடைக்குப் போவதை நிறுத்தினார். மாப்பிள்ளைச் சம்பாவைத்தான் விதைத்தார்.

கார்த்திகை, மார்கழி எல்லாம் பேச்சில்லாமலே போனது. பொங்கலுக்கு இந்த வீட்டுக் கரும்பு அந்த வீட்டுக்குப் போகவில்லை. தை பாதியில் பின்வயல்கள் பழுத்துத் தலை சாய்ந்தன. முன்வயல் மட்டும் பச்சையாக, சுவர் மாதிரி நிமிர்ந்து நின்றது. இளஞ்செழியன் மெஷினைச் சாலையோரம் கொண்டுவந்து நிறுத்தினான். ஐந்து நாள்தான் இருப்பேன், அடுத்து மன்னார்குடிப் பக்கம் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்றான். வங்கக் கடலில் மழை கிளம்புகிறது என்று எல்லார் போனிலும் செய்தி.

செவ்வந்தி புருஷனிடம் போனாள்.

“ஏங்க, வரப்போரமா மெஷின் போற அகலம், ஏழடி மட்டும் விட்டாப் போதும். மிச்ச நெல்லு நிக்கட்டும். மாமா தெவசத்துக்கு ஒரு கொறையும் வராது.”

“விடுறேன். யாரு விடமாட்டேன்னா? பாய் அதே கடையில உக்காந்து, அதே ஆளுங்க முன்னாடி, தப்பா சொல்லிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். அந்த நிமிஷமே விடுறேன்.”

அவள் மீரா உசேன் வீட்டுக்குப் போனாள். “தப்புதான் தங்கச்சி. இப்பவே வர்றேன், ஒன் வீட்டுல வச்சு அவன் கையப் புடிச்சுச் சொல்றேன். காலைக்கூடப் புடிக்கிறேன். கடையில வச்சு மட்டும் சொல்லச் சொல்லாத. அங்க சொன்னா ஊரு ஆயுசுக்கும் சிரிக்கும்.”

“அவரும் அதைத்தாண்ணே சொல்றாரு. அங்கதான ஊரு சிரிச்சுச்சுன்னு.”

வீட்டுக்கும் வீட்டுக்கும் இருநூறு அடிதான். இரண்டு நாளில் ஐந்து தரம் நடந்தாள். மீரா உசேன் வீட்டுக்காரி ஆசியா மூன்றாம் தரம் அவளை உட்காரவைத்து டீ கொடுத்துவிட்டுச் சொன்னாள்: “ரெண்டு பேர் கையிலயும் ஒரே வார்த்ததான் இருக்கு செவ்வந்தி. அதை எங்க எறக்கி வைக்கிறதுன்னுதான் ரெண்டுக்கும் தெரியல.”

இங்கேதான் செவ்வந்தி முதல் தப்பைச் செய்தாள். கடையும் வேண்டாம், வீடும் வேண்டாம், பொதுவாக ஒரு இடம் என்று யோசித்தாள். இரண்டு வயலுக்கும் நடுவில் இருக்கிற வரப்பு. “அங்க வந்து நில்லுங்க ரெண்டு பேரும். பின்வயக்காரங்க அத்தன பேரும் அங்கதான் கெடக்குறாங்க. பத்துப் பேரு பார்த்த மாதிரியும் ஆச்சு, கடை இல்லாத மாதிரியும் ஆச்சு.” யோசனையில் ஒரு குறை சொல்ல முடியாது. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். அன்று ராத்திரி அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

விடிந்ததும் இராஜாங்கம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு சாலைப் பக்கமிருந்து வரப்பில் ஏறினார். மீரா உசேன் வடிகால் பக்கமிருந்து வந்தார். செவ்வந்தி மெஷின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வரப்போ ஒரு ஆள் நடக்கிற அகலம். இரண்டு பேரும் நடுவில் வந்து நின்றார்கள். இன்னும் நாலடி நடந்தால் யாராவது ஒருவர் சேற்றில் கால் வைத்தாக வேண்டும்.

மீரா உசேன் முட்டிக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட மனுஷர். பள்ளத்தில் இறங்கினால் தூக்கிவிட ஆள் வேண்டும். அதனால் நின்ற இடத்திலேயே கைத்தடியை ஊன்றிக்கொண்டு, “வாப்பா” என்றார். அவர் மனசில் ஒன்றும் இல்லை. இராஜாங்கம் அவர் காலைப் பார்த்தார். பிறகு சேற்றைப் பார்த்தார். அவர் கண்ணுக்கு அங்கே தெரிந்தது மீரா உசேன் இல்லை. நாற்றுக்கட்டோடு இறங்கி நின்ற அப்பாதான் தெரிந்தார். திரும்பினார். வந்த வழியே நடந்து, சாலையில் வந்த மயிலாடுதுறை பஸ்ஸில் அப்படியே ஏறி, மகள் தமிழ்நிலா வீட்டுக்குப் போய்விட்டார்.

செவ்வந்திக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனையோ இடம் இருக்க, எந்த இடத்தில் கொண்டுபோய் அந்த மனுஷரை நிறுத்தினோம் என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா கதையை அவளுக்கு எத்தனை தரம் சொல்லியிருக்கிறார்! பாதித் தூரம் எது என்று கணக்குப் பார்த்தவள், அது யார் நின்ற இடம் என்று பார்க்கவில்லை.

மறுநாள் காலை வானம் சாம்பல் பூத்திருந்தது. பின்வயல்காரர்கள் சாலையில் வந்து நின்றார்கள். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் போகவும் இல்லை. கமலாம்பாள் மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். “ஒம் புருஷன் கோவத்துக்கு எங்க வயித்துல ஏண்டி மண்ணு?” இன்றைக்குக் குழாயடியில் நீட்டி முழக்குகிற அதே கமலாம்பாள்தான்.

செவ்வந்தி முன்வயலில் இறங்கி ஒரு கதிரை உருவிக் கடித்தாள். பால். வாயெல்லாம் பால். பதினாலு வருஷமாக அடுத்தவர் நெல்லுக்குப் பொறுங்கள் என்று சொன்ன பல்தான் அது. அவள் துப்பிவிட்டு இளஞ்செழியனிடம் போனாள்.

“வண்டியை எடு தம்பி. மேற்கு வரப்போரமா. ஏழடிக்கு மேல ஒரு விரக்கட போகக்கூடாது.”

“வயல் ஒங்க பேர்லயாம்மா இருக்கு? ஐயா வரட்டுமே.”

“ஐயா வர்றதுக்குள்ள மழை வந்துரும். நான் முன்னாடி நடக்குறேன். எம் பின்னாடியே ஓட்டு.”

இது இரண்டாவது தப்பு. தப்பா என்றால் தப்புதான். போனில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பார், வேண்டாம் என்றபிறகு செய்தால் அது துரோகம், கேட்காமல் செய்தால் அவசரம் என்று மன்னிப்பார் என்று நினைத்தாள். பத்து வீட்டு அடுப்பு ஒரு பக்கம், ஏழடிப் பச்சை நெல் ஒரு பக்கம். யாரைக் கேட்டாலும் எது பெரிசு என்று சொல்லிவிடுவார்கள். அவளும் அதையேதான் சொல்லிக்கொண்டு, ஆள் உயரப் பயிருக்குள் நுழைந்து, முன்னால் நடந்தாள். பின்னால் மெஷின் அறுத்துக்கொண்டே வந்தது. விழுந்தது நெல்லில்லை, பச்சைத் தழை. அந்த முனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் முகத்தில் வழிந்தது பயிரின் பனியா, கண்ணீரா என்று பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை.

இரண்டு பகல், ஓயாமல் அறுத்தார்கள். பத்து குடும்பத்து நெல்லும் டிராக்டரில் அந்த ஏழடி வழியாகவே வெளியே வந்தது. மூன்றாம் நாள் மதியம் மழை கொட்டியது. எல்லார் நெல்லும் படுதாவுக்குக் கீழே பத்திரமாக இருந்தது.

அந்த மழையிலேதான் இராஜாங்கம் பஸ்ஸை விட்டு இறங்கினார். சாலையில் நின்று வயலைப் பார்த்தார். மெஷினின் இரும்புச் சங்கிலி அழுத்திய தடத்தில் தண்ணீர் கட்டி நின்றது. ஓரத்தில் தாங்க ஆளில்லாமல் போன உயரப் பயிர் வரிசை வரிசையாக அந்தத் தடத்துக்குள் சாய்ந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தார் என்று யாருக்கும் தெரியாது. நனைந்து வீட்டுக்கு வந்தார்.

செவ்வந்தி துண்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். திட்டட்டும், ஒரு அறை விட்டாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றாள். அவர் துண்டை வாங்கிக்கொண்டு, “நன்றிங்க” என்றார்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. “ஏங்க, சாப்பிடுறீங்களா?” என்றாள்.

“நீங்க சாப்பிடுங்க. எனக்காக நீங்க செரமப்படாதீங்க.”

முப்பத்தோரு வருஷம் ஏ புள்ள என்று கூப்பிட்ட மனுஷர். கோபம் வந்தால் ஏய் என்பார், கொஞ்சினால் செவ்வந்தி என்பார். அன்றிலிருந்து அவள் ‘நீங்க’ ஆனாள். கொல்லைக்குப் போய்த் திரும்பினால் “வாங்க” என்பார். கடைக்குப் போனால் “போயிட்டு வாங்க” என்பார். குரலை உயர்த்தவே இல்லை. அடித்தால் ஊர் கேட்கும், நாலு பேர் வந்து விலக்குவார்கள். மரியாதையாகப் பேசுகிறவனை யார் வந்து என்னவென்று கேட்பது? தமிழ்நிலா போன் பண்ணி, “அப்பாதான் சண்டையே போடலையேம்மா, விடு” என்றாளாம். வெளியிலிருந்து பார்த்தால் அந்த வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது.

மீரா உசேன் ஒரு காரியம் செய்தார். அதையும் மறைக்கக் கூடாது. மழை விட்ட மறுநாள் டீக்கடைக்குப் போய், எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, “இராஜாங்கத்தோட அப்பாவைப் பத்தி நான் பேசுனது தப்பு” என்று சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் கேட்க வேண்டிய ஆள் அங்கே இல்லை. செவ்வந்தி ஓட்டமாக ஓடிவந்து வீட்டில் சொன்னாள்.

“அப்படிங்களா?” என்றார் இராஜாங்கம். “நல்லதுங்க. அவரு நெல்லு வீடு வந்து சேந்துருச்சுல்ல, இனி என்ன வேணாலும் சொல்லலாம்.”

முன்வயலில் சாய்ந்ததை அறுக்க அவர் போகவில்லை. மாசி மூன்றாம் வாரம் நெல் பழுத்தது, பாதி தண்ணீரில் முளைத்தும் போனது. செவ்வந்தி பத்து வீட்டுக்கும் போய்க் கை அரிவாளோடு ஒரு நாள் வாருங்கள் என்று கூப்பிட்டாள். எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். “ஒங்க வீட்டுக்காரரு கோவிச்சுக்குவாரு. ஒங்க ரெண்டு பேருக்கு நடுவுல நாங்க எதுக்கு?” அவர்கள் வழிக்காக அவள் எதற்கு நடுவில் போனாள் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மீரா உசேன் வருகிறேன் என்றார். அவர் காலை வைத்துக்கொண்டு எங்கே இறங்குவது? ஆசியா மட்டும் ஒரு நாள் வந்து கூட அறுத்தாள். மிச்சம் நாலு நாள் செவ்வந்தி தனியாக முடிந்தவரை அறுத்தாள், அடித்தாள், தூற்றினாள். தேறியது ஒன்றரை மூட்டை.

மாமனார் திவசம் பங்குனி மூன்றாம் நாள். அந்த நெல்லைக் குத்தி, சிவப்பு அரிசியைச் சோறாக்கி, இலையில் வைத்து, விளக்கேற்றினாள். “வந்து கும்பிடுங்க. மாமா நட்ட எடத்து நெல்லு” என்றாள். இதற்காவது அந்த மனுஷர் உடைவார் என்றுதான் அவள் இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

இராஜாங்கம் வந்தார். கும்பிட்டார். ஆவி பறக்கிற சோற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியது, அதை அவள் பார்த்தாள். பிறகு சொன்னார்: “அவரு அன்னைக்கும் அடுத்தவங்களுக்கு வழி விட்டுட்டுத்தான் நின்னாரு. இன்னைக்கும் அவரு நெல்லு அதத்தான் செஞ்சிருக்கு. எனக்கு எறங்காதுங்க. நீங்க சாப்பிடுங்க.”

அவள் அந்த இலை முன்னால் அன்று பொழுது சாய்கிறவரை உட்கார்ந்திருந்தாள். சாப்பிடவில்லை.

மறுநாள் காலை, பங்குனி நாலு. வாசல் தெளித்தாள், கோலம் போட்டாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள், சோறு வடித்து மூடி வைத்தாள். இரண்டு புடவையை மடித்துத் துணிப்பையில் வைத்தாள். தைலத்தையும் போட்டுக்கொண்டாள். வேறு ஒன்றும் எடுக்கவில்லை, வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இராஜாங்கம் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பையைப் பார்த்தார். எழுந்து போய் ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு வந்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

“வெயிலு ஏறிருச்சு. குடிச்சிட்டுப் போங்க.”

அவள் வாங்கிக் குடித்தாள். முழுச்சொம்பையும் குடித்தாள். அதைக் கழுவி, எப்போதும் வைக்கிற இடத்தில் கவிழ்த்து வைத்தாள்.

“எங்க போறேன்னு கேக்க மாட்டீங்களா?”

“நான் எப்படிங்க கேக்கறது? ஏழடி விடும்போது நீங்க என்னையக் கேக்கலையே.”

தன்னைக் கேட்காததைப் பற்றி நாற்பது நாளில் அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான். செவ்வந்தி வாயைத் திறந்தாள். பத்துக் குடும்பம், மழை, ஐந்து நாள் என்று அவளிடம் சொல்ல அத்தனையும் இருந்தது. அத்தனையும் நியாயம். ஒன்றுகூட அந்தக் கூடத்தில் எடுபடாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. பையைத் தூக்கிக்கொண்டாள்.

வாசலுக்கு வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு நிமிஷம் திரும்பாமலே நின்றாள். ஏ புள்ள என்று ஒரு சத்தம் வந்தால் பையை அங்கேயே போட்டிருப்பாள். தெருவில் கமலாம்பாள் குடத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

“படி வழுக்கும். பாத்து எறங்குங்க.”

அவள் பார்த்துத்தான் இறங்கினாள்.